அன்றாடம் திறக்கும் மென்பொருளிலிருந்து தொடங்குங்கள்

நிரல் எழுத ஓரளவு கற்றுக்கொண்டவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க ஆசை, எந்தத் திட்டத்தில் சேரலாம்?" திறமூலம் என்றால், மூலநிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள். வழக்கமாக அவர்களுக்குக் கிடைக்கும் பதில், இத்தகைய திட்டங்கள் பல குடியிருக்கும் கிட்ஹப் தளத்தில் "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" (புதியவருக்கு ஏற்ற முதல் வேலை) என்ற அடையாளம் ஒட்டிய வேலைகளைத் தேடிப் பார்க்கச் சொல்வது. அதில் தவறில்லை. ஆனால் பெயர்பெற்ற திட்டங்களில் அந்த அடையாளம் ஒட்டிய கொஞ்ச நேரத்திலேயே "இதை எனக்கு ஒதுக்குங்கள்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த மென்பொருளை ஒருமுறையாவது பயன்படுத்தியிருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. பழக்கமே இல்லாத ஒன்றில் எது சரி, எது கோளாறு என்று எப்படித் தெரியும்?

அதனால் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: இந்த வாரம் உங்கள் கணினியில் எதையெல்லாம் திறந்தீர்கள்? படம் பார்க்க விஎல்சி, இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ், முப்பரிமாணப் படத்துக்கு பிளெண்டர். நிரல் எழுதுபவர் என்றால் பைத்தான் மொழி, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், அவற்றோடு தானாக வந்து சேர்ந்த பல நூறு நூலகங்கள், அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள். இவற்றில் ஏதோ ஒன்று உங்களை எரிச்சலூட்டியிருக்கும். ஒரு பொத்தான் வேலை செய்திருக்காது. ஒரு பிழைச்செய்தி என்ன சொல்ல வருகிறது என்றே புரிந்திருக்காது. ஆவணத்தில் சொன்ன கட்டளை உங்கள் பதிப்பில் இல்லாமல் போயிருக்கும். உங்கள் முதல் பங்களிப்பு அங்கேதான் இருக்கிறது. அந்த எரிச்சல் ஒரு தகவல். அதைத் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் வடிவத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது முழுமையான பங்களிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று, தான் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். அந்தச் சிறு அறிவிப்பில் மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்களிடம் அவர் கேட்டது, அதில் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்பதைத்தான். பயன்படுத்துபவரின் திருப்தியின்மை அன்றிலிருந்தே இந்த உலகின் மூலப்பொருளாக இருந்துவருகிறது.

திறமூலத் திட்டங்களில் நிரலுக்குப் பஞ்சம் கிடையாது. பஞ்சமெல்லாம் கவனத்துக்குத்தான். இதைப் புரிந்துகொண்டால் புதியவருக்கு மற்றதெல்லாம் எளிதாகிவிடும். 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் கோளாறு பலருக்கு நினைவிருக்கும். இணையத்தில் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தித் தரும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்தில் அது இருந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு முனை சிறு செய்தி ஒன்றை அனுப்பும், மறுமுனை அதையே திருப்பி அனுப்பும். செய்தியோடு அதன் நீளமும் வரும். அந்த நீளம் உண்மையா என்று மறுமுனை சரிபார்க்கவில்லை. ஒரே ஒரு சரிபார்ப்பு விட்டுப்போனது, அவ்வளவுதான். பொய்யான நீளத்தைச் சொன்னவருக்கு, சேவையகம் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல் இருக்கலாம், மறைகுறியீட்டுச் சாவியே இருக்கலாம். அந்த நிரல் 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலேயே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உலகமே படிக்கும்படி திறந்து கிடந்தது. ஆனால் உட்கார்ந்து படிக்க ஆள் இல்லை. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அப்போது ஆண்டு முழுவதும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்.

மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் அது பாதுகாப்பாகிவிடாது. யாராவது படிக்க வேண்டும், இயக்கிப் பார்க்க வேண்டும், இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். புதியவர் ஒருவர் திட்டத்துக்குள் கொண்டுவரக்கூடிய மிக அரிய பொருள் அந்தக் கவனம். அதேபோல, புதியவர் அறியாமலேயே வீணடித்துவிடக்கூடியதும், திட்டத்தைப் பேணி வரும் மாற்றங்களை ஏற்பதா என்று முடிவுசெய்யும் பராமரிப்பாளரின் கவனம்தான். அவர்களில் பெரும்பாலோர் வேறு வேலையில் இருந்துகொண்டு இரவிலும் விடுமுறையிலும் இதைச் செய்பவர்கள்.

ஒரு நல்ல பிழை அறிக்கை எப்படி இருக்கும் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தரவைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்புகளைப் படித்து அட்டவணையாக்கித் தரும் சிறு நூலகம் ஒன்றின் பராமரிப்பில் எனக்கும் பங்கு உண்டு. "முதல் நெடுவரிசையைக் காணவில்லை என்கிறது, ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தால் அது இருக்கிறது" என்ற புகார் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) ஒட்டிவிட்டு "வேலை செய்யவில்லை, அவசரம்" என்று முடித்துவிடுவார்கள். நாங்கள் கோப்பைக் கேட்டால், அதில் வாடிக்கையாளர் விவரம் இருக்கிறது, தர முடியாது என்பார்கள். அங்கேயே நின்றுவிடும்.

அதுவரை எந்தத் திட்டத்துக்கும் ஒரு வரி நிரல்கூட அனுப்பியிராத ஒரு பெண் அந்தப் புகாரை எடுத்துக்கொண்டார். முதலில் தன் கணினியில் அதே கோளாறை வரவழைத்தார். பிறகு கோப்பை வெட்டிக்கொண்டே வந்தார். ஆயிரக்கணக்கான வரிகள் நூறாகி, பத்தாகி, கடைசியில் ஒரு தலைப்பு வரியும் ஒரு தரவு வரியும் மட்டும் மிஞ்சின. அந்த இரண்டு வரியிலும் கோளாறு அப்படியே இருந்தது. அதே இரண்டு வரிகளை வேறொரு புதிய கோப்பில் தானே தட்டச்சு செய்து பார்த்தார். அது சரியாக வேலை செய்தது! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. கோப்புகளின் அளவைப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. ஒன்று மற்றதைவிடச் சரியாக மூன்று பைட் பெரியதாக இருந்தது.

பைட்டுகளை எண்ணாகக் காட்டும் கருவியில் திறந்து பார்த்ததும் அந்த மூன்றும் கோப்பின் தொடக்கத்தில் உட்கார்ந்திருந்தன. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் உள்ள கோப்புகளின் தலையில் சில விரிதாள் மென்பொருள்கள் இடும் அடையாளக் குறி அது. திரையில் தெரியாது. ஆனால் எங்கள் நூலகம் அதையும் முதல் நெடுவரிசைப் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொண்டது. பயனர் "பெயர்" என்று தேடினால், கோப்பில் இருந்ததோ கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தும் அதைத் தொடர்ந்து "பெயர்" என்பதும். பொருந்தாதது இயல்புதானே.

அவர் அனுப்பியது ஒரு குறிப்பு: எந்த இயங்குதளம், நூலகத்தின் எந்தப் பதிப்பு, இரண்டு வரிக் கோப்பு, அதைப் படிக்கும் நான்கு வரி நிரல், என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது, ஏன் நடக்கிறது என்று அவர் நினைக்கிறார். கூடவே இப்போதைக்குத் தோற்கும் ஒரு சோதனை, அதாவது நூலகம் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகப் பார்க்கும் சிறு நிரல். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: இரண்டு கோப்புகளை ஒட்டிச் சேர்த்தால் இந்தக் குறி நடுவிலும் வருமே, அங்கேயும் நீக்கிவிடலாமா? அந்தக் கேள்வியைப் பற்றி நாங்கள் கொஞ்ச நேரம் பேசினோம். நடுவில் இருப்பதைத் தொடக்கூடாது, அது பயனரின் தரவாகவும் இருக்கலாம் என்று முடிவாயிற்று. திருத்தம் சில வரிகளில் முடிந்தது. அதையும் அவரே எழுதினார்.

இதில் அவர் காட்டியது நிரலாக்கத் திறமையை அல்ல. கோப்பை வெட்டிக்கொண்டே வரும் பொறுமையும், ஒன்றுபோலத் தெரியும் இரண்டைச் சந்தேகத்தோடு ஒப்பிடும் பழக்கமும்தான். நாங்கள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையை எல்லாம் அவரே முடித்துவிட்டு, எங்களிடம் முடிவெடுக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் கொண்டுவந்தார். புதியவர் ஒருவரிடமிருந்து எந்தப் பராமரிப்பாளரும் இதைவிட அதிகமாக எதிர்பார்க்க முடியாது.

புதியவருக்கு மட்டுமே வாய்க்கும் இன்னொரு அனுகூலம் உண்டு. அது வெகுசீக்கிரம் தீர்ந்துவிடும். திட்டத்தின் மூலநிரலை முதன்முதலாக இறக்கி, உங்கள் கணினியில் கட்டமைத்து, சோதனைகளை ஓடவிட முயலும்போது ஆயிரம் தடைகள் வரும். ஏதோ ஒரு நூலகம் நிறுவப்படவில்லை என்று நின்றுபோகும். ஆவணத்தில் சொன்ன கோப்பு வேறு இடத்துக்குப் போயிருக்கும். பழைய பங்களிப்பாளர்களின் கணினிகளில் எல்லாம் ஏற்கெனவே அமைந்திருப்பதால் இந்தத் தடைகள் அவர்கள் கண்ணில் படவே படாது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள்: எந்தக் கட்டளை இட்டேன், என்ன பிழை வந்தது, எப்படிச் சரிசெய்தேன். அந்தக் குறிப்புகளைக் கொண்டு நிறுவல் வழிகாட்டியைத் திருத்தி அனுப்பினால், உங்களுக்குப் பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் சில மணி நேரம் மிச்சம். ஆவணத் திருத்தத்தைச் சில்லறை வேலையாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. நிறுவ முடியாமல் திரும்பிப் போனவர்களை எந்தத் திட்டமும் கணக்கெடுப்பதில்லை.

நிரலைத் தொடுவதற்கு முன்னால் படிக்க வேண்டியவை சில உண்டு. திட்டத்தை அறிமுகப்படுத்தும் "ரீட்மீ" கோப்பு. பங்களிக்கும் முறையைச் சொல்லும் "கான்ட்ரிபியூட்டிங்" என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதை வரிவிடாமல். பிறகு உரிமம். உரிமமே இல்லாத நிரல், இணையத்தில் எல்லோருக்கும் தெரியும்படி கிடந்தாலும் திறமூலம் ஆகாது. எழுதியவருக்கே எல்லா உரிமையும் என்பதுதான் சட்டத்தின் இயல்பு நிலை. சில திட்டங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்கும். லினக்ஸின் உட்கருவான லினக்ஸ் கர்னல் போன்றவை ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் "சைன்ட்-ஆஃப்-பை" என்று பெயரிட்டு ஒரு வரி சேர்க்கச் சொல்லும். இதை அனுப்பும் உரிமை எனக்கு இருக்கிறது என்ற உறுதிமொழி அது, 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் வேலையில் இருப்பவராக இருந்தால், ஓய்வு நேரத்தில் எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம் என்று உங்கள் பணி ஒப்பந்தம் சொல்வதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பெரிய திட்டத்தின் மூலநிரலை முதன்முதலாகப் பார்க்கும்போது எல்லோருக்கும் மலைப்புத்தான் வரும். முழுவதையும் படித்துப் புரிந்துகொண்ட பிறகு தொடங்கலாம் என்று நினைத்தால் தொடங்கவே மாட்டோம். பல்லாண்டு உழைத்தவர்களும் முழுவதையும் அறிந்தவர்கள் அல்லர். எனக்குத் தெரிந்த நேர்வழி, திரையில் தெரியும் ஏதாவது ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொள்வது. பிழைச்செய்தியில் உள்ள வாசகத்தையோ பொத்தானின் மேல் எழுதியிருப்பதையோ மூலநிரலில் தேடுங்கள். அது கிடைக்கும் இடத்திலிருந்து அதை அழைக்கும் செயற்கூறுக்கு, அங்கிருந்து அதை அழைப்பதற்கு என்று மேல்நோக்கி நடந்தால், உங்கள் பிரச்சினைக்குத் தேவையான பாதை மட்டும் புலப்பட்டுவிடும்.

அடுத்தது வரலாறு. டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, என்ன காரணம் சொல்லி மாற்றினார்கள் என்பதைக் காட்டிவிடும். விசித்திரமாகத் தெரியும் ஒரு வரியை நீக்குவதற்கு முன்னால் "கிட் பிளேம்" போட்டுப் பாருங்கள். பல நேரம் அதன் பின்னால் ஒரு பழைய கோளாறும் நியாயமான காரணமும் இருக்கும். "முந்தைய பதிப்பில் வேலை செய்தது, இப்போது செய்யவில்லை" என்ற வகைப் பிழைகளுக்கு "கிட் பைசெக்ட்" போன்ற துணை வேறில்லை. சரியாக இருந்த ஒரு கமிட் (கிட்டில் பதிவான ஒரு மாற்றம்), கெட்டுப்போன ஒரு கமிட் இரண்டையும் சொன்னால் நடுவில் உள்ளதை எடுத்துத் தரும். நீங்கள் இயக்கிப் பார்த்து நல்லது, கெட்டது என்று பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துவிடுவதால், ஆயிரம் கமிட்டுகளுக்கு நடுவில் குற்றவாளியைப் பிடிக்க ஏறத்தாழ பத்துச் சோதனைகள் போதும். இதற்கு அந்த மென்பொருளின் உள்ளமைப்பு தெரிந்திருக்கவே வேண்டாம். ஒரு புதியவர் "இந்தக் கமிட்டிலிருந்துதான் உடைந்தது" என்று ஒரு வரி எழுதினால், அந்தக் கமிட்டை எழுதியவருக்குப் பெரும்பாலும் பார்த்த உடனே காரணம் விளங்கிவிடும்.

மாற்றத்தை அனுப்பும் கட்டத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் விடாப்பிடியாகக் கடைப்பிடியுங்கள்: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பிழையைத் திருத்தப் போன இடத்தில் இடைவெளிகளைச் சீராக்கி, மாறிகளின் பெயரையும் மாற்றி, கோப்பு முழுவதையும் தானியங்கிக் கருவியால் அழகுபடுத்தி அனுப்பினால், உண்மையில் மாறிய மூன்று வரிகளைப் பராமரிப்பாளர் முந்நூறு வரிகளுக்குள் தேட வேண்டியிருக்கும். அவர் தேட மாட்டார். ஒத்திவைப்பார். உங்கள் மாற்றம் பட்டியலின் அடியில் போய் உறங்கும். கமிட் செய்தியில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்பதே முக்கியம். என்ன என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த ஆண்டு அதே வரியைப் பார்த்துக் குழம்பப்போகும் யாரோ ஒருவருக்காக அதை எழுதுங்கள். கூடவே ஒரு சோதனையும் இருக்கட்டும்: உங்கள் திருத்தம் இல்லாமல் தோற்க வேண்டும், திருத்தத்தோடு தேற வேண்டும்.

பெரிய மாற்றம் என்றால், எழுதுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. வாரக்கணக்கில் உழைத்து ஒரு புதிய வசதியைக் கட்டி எடுத்து வருபவரிடம் "இது எங்கள் நோக்கத்தில் இல்லை" என்று சொல்லும் வேதனை இருபக்கமும் உண்டு. ஒரு வசதியை ஏற்றுக்கொள்வது, எழுதியவர் போன பின்னும் அதைப் பல ஆண்டுகள் பேணுவதாக வாக்களிப்பது. பராமரிப்பாளர் தயங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

அனுப்பிய பிறகு பதில் வராமல் இருக்கலாம். இங்கேதான் பலர் மனமொடிந்து விலகிவிடுகிறார்கள். மௌனத்தை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் அதற்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. லினக்ஸ் கர்னலை எடுத்துக்கொண்டால், ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். ஒவ்வொரு சுற்றின் முதல் இரண்டு வாரங்களில் பராமரிப்பாளர்கள் ஏற்கெனவே தயாராக உள்ளவற்றைச் சேர்ப்பதிலேயே மூழ்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் வரும் புதிய மாற்றங்களுக்குப் பதில் தாமதமாவது இயல்பு. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, "இதைப் பார்க்க நேரம் கிடைத்ததா? நான் மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று மரியாதையாக ஒரு வரி எழுதலாம். தினமும் எழுதக் கூடாது.

பதில் வந்தால், அதில் பெரும்பாலும் திருத்தங்கள் இருக்கும். வரிவரியாகக் குறிப்புகள் வந்திருப்பதைப் பார்த்ததும் முகம் வாடிவிடும். ஆனால் ஒருவர் தன் நேரத்தை எடுத்து உங்கள் நிரலை அவ்வளவு கூர்ந்து படித்திருக்கிறார். பள்ளியிலும் பயிற்சி வகுப்பிலும் இது நமக்குக் கிடைப்பதே இல்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் சொல்லுங்கள். மாற்றிவிட்டேன் என்றோ, இந்தக் காரணத்தால் மாற்றவில்லை என்றோ. உடன்பாடில்லை என்றால் காரணத்தோடு வாதாடலாம், அதை நல்ல பராமரிப்பாளர்கள் வரவேற்கிறார்கள். மறுபக்கம், ஆளை இகழ்ந்து பேசும் திட்டங்களும் உண்டு. அங்கே தாக்குப்பிடிப்பது வீரம் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நடத்தை நெறிகள் என்று பல திட்டங்கள் எழுதிவைத்திருப்பது இதற்காகத்தான், லினக்ஸ் கர்னலும் 2018இல் அப்படி ஒன்றை ஏற்றது. மரியாதையோடு பேசும் திட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் உழைப்பை அங்கே கொண்டுபோங்கள்.

எண்ணிக்கைக்காகப் பங்களிப்பது என்னை உண்மையிலேயே வருத்துகிறது. 2014இல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட், அக்டோபர் மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்புபவர்களுக்கு டி-ஷர்ட் தந்தது. பலரை இந்த உலகுக்கு அழைத்து வந்த நல்ல முயற்சி அது. 2020இல் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் வெற்று மாற்றங்கள் வெள்ளமாகக் குவிந்தன. பராமரிப்பாளர்கள் அவற்றை மூடுவதிலேயே நாட்களைக் கழித்தார்கள். அந்த மாதமே விதியை மாற்றி, தாமாக முன்வந்து சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். இப்போது அதே துன்பம் வேறு வடிவில் வந்திருக்கிறது. இணைய முகவரிகளுக்குத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற கருவியைத் தொடங்கிப் பல்லாண்டுகளாக நடத்திவரும் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த போலிப் பாதுகாப்பு அறிக்கைகள் தங்கள் நேரத்தைத் தின்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவருகிறார். பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும், இல்லாத செயற்கூறில் கோளாறு இருப்பதாகச் சொல்லும். அது பொய் என்று நிறுவ ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும். எந்தக் கருவியை வேண்டுமானாலும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அனுப்பும் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் உங்கள் சொந்தச் சொற்களில் பதில் சொல்ல முடியவேண்டும். முடியாவிட்டால், முடியும்வரை அனுப்ப வேண்டாம்.

நிரல் எழுதாதவர்களுக்கும் இங்கே வேலை ஏராளம். இடைமுக மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "1 கோப்பு, 2 கோப்புகள்" என்று இரண்டு வடிவம் போதும் என்றுதான் நாம் நினைப்போம். போலிஷ் மொழிக்கு மூன்று வடிவங்கள் வேண்டும், அரபு மொழிக்கு ஆறு. அந்த மொழி பேசுபவர் வந்து சொல்லும்வரை நிரலாளருக்கு இது தோன்றவே தோன்றாது. அணுகல் வசதியும் அப்படியே. கண்பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற கட்டற்ற மென்பொருளை 2006இல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கர்ரன் பார்வையற்றவர். விற்பனையில் இருந்த திரைவாசிப்பான்களின் விலை பலருக்கு எட்டாததாக இருந்தது. தனக்கும் தன்னைப் போன்றவர்களுக்கும் வேண்டியதை அவரே எழுதினார். பயனர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, பழைய பிழை அறிக்கைகளை எடுத்துப் புதிய பதிப்பிலும் அவை நிகழ்கின்றனவா என்று பார்த்து எழுதுவது, வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை நிறுவி ஓட்டிப் பார்ப்பது என்று பட்டியல் நீளும்.

ஊதியத்தோடு கற்கும் வழிகளும் இருக்கின்றன. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022 முதல் மாணவர்கள் மட்டுமல்லாமல் திறமூலத்துக்குப் புதியவர்கள் அனைவரும் விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பத் துறையில் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்காக அவுட்ரீச்சி இருக்கிறது. இரண்டிலும், விண்ணப்பத்துக்கு முன்பே அந்தத் திட்டத்தில் சிறு வேலை ஏதாவது செய்து காட்டியவருக்கே வாய்ப்பு அதிகம்.

தொடர்ந்து பங்களித்து வந்தால் ஒருநாள் நேரடியாக மாற்றங்களைச் சேர்க்கும் உரிமையும் உங்களைத் தேடி வரலாம். அது மெதுவாகத்தான் வரும், மெதுவாகத்தான் வரவும் வேண்டும். 2024 மார்ச்சில் நடந்தது அதற்குச் சான்று. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியை ஏறத்தாழ தனியாளாகப் பராமரித்துச் சோர்ந்திருந்த ஒருவருக்கு உதவ ஒரு பங்களிப்பாளர் வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயனுள்ள மாற்றங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்றார். பொறுப்பைச் சீக்கிரம் பகிர்ந்து கொடு என்று வேறு சில கணக்குகளிலிருந்து பராமரிப்பாளருக்கு நெருக்கடியும் வந்துகொண்டிருந்தது. உரிமை கைக்கு வந்த பிறகு அந்தப் பங்களிப்பாளர் உள்ளே ஒரு கள்ளக்கதவை வைத்தார். அது உலகெங்கும் பரவுவதற்கு முன் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ரோயிண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். அந்தக் கள்ளக்கதவு குறிவைத்திருந்த எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் முறை) வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியது. அந்த உறுத்தலை விடாமல் பின்தொடர்ந்து மூலத்தைக் கண்டுபிடித்தார். தான் அன்றாடம் திறக்கும் மென்பொருளை நன்றாக அறிந்த ஒரு பயனராகத்தான் அவர் தொடங்கினார்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு புதியவர்களை எல்லோரும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று சிலர் வருந்துகிறார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. தேவை இன்னும் கூடியிருக்கிறது. குறிப்பாக, பிறர் அனுப்பிய மாற்றங்களைப் படிப்பவர்கள் தேவை. எல்லாத் திட்டங்களிலும் அனுப்புபவர்கள் மிகுதி, படிப்பவர்கள் குறைவு. இதற்கு எந்த உரிமையும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். காத்திருக்கும் மாற்றம் ஒன்றை உங்கள் கணினியில் இறக்குங்கள். ஓட்டிப் பாருங்கள். வெற்றுக் கோப்பு, மிகப் பெரிய கோப்பு, பெயரில் இடைவெளி உள்ள கோப்பு என்று கொடுத்துப் பாருங்கள். "இந்த இயங்குதளத்தில், இந்தப் பதிப்பில் சோதித்தேன், சரியாக இருக்கிறது, வெற்றுக் கோப்பு கொடுத்தால் மட்டும் நின்றுபோகிறது" என்று எழுதுங்கள். லினக்ஸ் கர்னலில் இந்த வேலைக்கென்றே "டெஸ்டட்-பை" என்று ஒரு வரி உண்டு. நிரலை எழுதியவரின் பெயருக்குக் கீழே, அதே கமிட்டில், சோதித்தவரின் பெயரும் பதிவாகிறது.